எதிர்க்கடையில் பாதிப் பாட்டு

காலை ஒன்பதரை மணி, இரண்டு டேப்ரிக்கார்டர், ஒரு காசிம் பாய்: 1981-ல் திருவண்ணாமலை தேரடித் தெருவில் நான் திறந்த பாட்டுப் பதிவுக் கடையின் முதல் நாள் இவ்வளவுதான். பத்திரிகை வேலையை விட்டு வந்தவன் நான். இனி யாரையும் பேட்டி எடுக்க வேண்டாம் என்ற நிம்மதியோடு உட்கார்ந்தேன். காலி கேசட்டில் கேட்ட பாட்டைப் பதிந்து கொடுக்கும் தொழில். பதிய நாலு நிமிஷம் ஆகும். அந்தப் பாட்டு ஏன் வேண்டும் என்று வந்தவர் சொல்லி முடிக்க அரை மணி ஆகும். அந்த வருஷங்களில் இது மாதிரிக் கடை வைத்திருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாம் கேட்டதே இல்லை, அவர்களாகச் சொன்னார்கள். சோறு இறங்காமல் போனது நமக்குத்தான்.

முதல் சம்சாரத்தின் பாட்டு

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். முப்பது வயது இருக்கும். கையில் பூக்கூடை, தேங்காய், கோயில் விபூதி. ஒரு பழைய சோகப் பாட்டைக் கேட்டார். கேசட் முழுக்கக் கலகலப்பான பாட்டாகப் பதியச் சொல்லிவிட்டு நடுவில் இது எதற்கு என்று நினைத்தேனே தவிர, வாயைத் திறக்கவில்லை. அவரே சொன்னார்.

அது அவர் கணவருடைய முதல் மனைவிக்குப் பிடித்த பாட்டாம். அந்த அம்மாள் இறந்து ஆறு வருஷம். இதைப் போய் நீங்கள் ஏன் வாங்க வேண்டும் என்று கேட்டேவிட்டேன். அவர் பூக்கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்: "குளிக்கிறப்பலாம் இதத்தாங்க பாடறாரு. ஒரு வரிகூட சரியா வரல. அந்தக்கா காதுல வுழுந்தா வருத்தப்படும். கேட்டாவது ஒழுங்காப் பாடட்டும்."

அங்கேயே நிறுத்துங்க

காசிம் பாய் எதிர்க்கடை. மெத்தை, தலையணை தைப்பவர். வாசலில் கூரை உயரத்துக்கு மெத்தைகள் அடுக்கியிருக்கும். அதற்குப் பின்னால் அவர் பஞ்சுத் தூசிக்குள் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பார். தெருவிலிருந்து பார்த்தால் ஆள் தெரியாது. அவர்தான் என் முதல் வாடிக்கை. ஒரே பாட்டு போதும் என்றார். அதுவும் பாதி போதும் என்றார். இரண்டாவது சரணத்தின் இரண்டாவது வரியில் நிறுத்தி, கொஞ்சம் இடைவெளி விட்டு, மறுபடி முதலிலிருந்து. கேசட்டின் இரண்டு பக்கமும் இப்படியே. (பாட்டின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் மீதியைப் பாடிவிடுவீர்கள்.)

காரணத்தை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஆற்காட்டில் இருந்தார்கள். தாயில்லாத ஒரே மகன் அன்வர். பள்ளிக்கூடப் பரீட்சையில் தவறிப்போன சேதி வந்த அன்று, பையன் ரேடியோ முன்னால் படுத்து இந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தான். பாய் ரேடியோவைத் தூக்கிச் சுவரில் அடித்தார். பையன் ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். திரும்பவில்லை. திருவண்ணாமலை மண்டிப் பக்கம் அவனை லாரியில் பார்த்ததாகச் சொந்தக்காரர் ஒருவர் சொல்ல, பாய் ஊரையே மாற்றிக்கொண்டு இங்கே கடை போட்டார். மண்டிக்குப் போகும் லாரி எல்லாம் இந்தத் தெரு வழியாகத்தான் போகவேண்டும்.

எல்லோரும் கேட்கிற பாட்டு ஆயிற்றே, இதைத் தெருவில் போட்டு அவனுக்கு என்ன தெரியப்போகிறது என்றேன். பாய் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது. "பாட்டு ஊருக்கே தெரியும் சார். எந்த எடத்துல நின்னுச்சுன்னு எனக்கும் அவனுக்கும்தான் தெரியும்."

பஸ் கண்டக்டர்

அன்று முதல் தெருவில் நாங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. காலை முதல் கடை சாத்தும் வரை அந்தப் பாதிப் பாட்டு. பௌர்ணமிக்கு மலை சுற்ற வரும் கூட்டத்துக்காக இன்னும் உரக்க. டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் பாட்டு நின்ற இடத்திலிருந்து எடுத்து மீதியைப் பாடி முடிப்பார்கள். "பாய், டேப்பு சிக்கிக்கிச்சா?" என்று கேலி செய்வார்கள். பாய் யாருக்கும் காரணம் சொன்னதில்லை. எனக்குத் தெரியும் என்பதால் எனக்குத்தான் இருப்புக் கொள்ளாது. இன்னொரு விஷயமும் கவனித்தேன். யாராவது மீதியைப் பாட ஆரம்பித்தால் பாய் தையல் இயந்திரத்தை வேகமாக மிதிப்பார். சத்தத்தில் எதுவும் கேட்காது.

ஒரு நாள் காக்கிச் சட்டை போட்ட இளைஞன் ஒருவன் வந்தான். அந்தப் பாட்டின் பெயரைச் சொன்னான். "மொதல் பாதி வேணாங்க. மீதி மட்டும் போட்டுக் குடுங்க" என்றான். அவனை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் எதிர்க்கடைக்கு ஓடி, பாயின் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். பாய் வாசலிலேயே நின்று அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டார். "இவன் வேட்டவலம் பஸ்ஸு கண்டக்டருங்க" என்றார்.

ஏன்ப்பா மீதி மட்டும் கேட்டாய் என்று கேட்டேன். "டெய்லி உங்க தெருவுல பாதி கேக்கறேன். ராத்திரி படுத்தா மண்டைக்குள்ள அங்கியே நிக்குது. தூக்கம் வரணுமா வாணாமா?"

முழுசா வேணும்

1984-ல் மண்டிக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வரத்து அதிகமாக இருந்த சமயம். லாரி டிரைவர் ஒருவர் வந்தார். தடித்த மீசை, தோளில் துண்டு. "அண்ணா, எதிர்க்கடைல பாதில நிக்குதே, அந்தப் பாட்டு. முழுசா வேணும்" என்றார். கண்டக்டரிடம் பட்டவன் என்பதால் நான் எழுந்திருக்கவில்லை. உட்காரச் சொல்லிவிட்டு இசைத்தட்டைத் தேடினேன். அவராகப் பேசினார்.

"மூணு வருஷமா லோடு ஏத்திக்கிட்டு இந்த வழியாத்தான் போறேன். எப்பப் பாரு அங்கியே நிறுத்தறான் அந்தாளு. கழுத்தப் புடிச்ச மாரி இருக்கு. அது என் பாட்டுண்ணா." எந்த ஊர் என்றேன். "ஆற்காடு. இந்தப் பாட்டு கேட்டுக்கினு இருந்தப்பதான் எங்கப்பா ரேடியோவ ஒடச்சாரு. அன்னிக்கு வந்தவன்தான்."

தேடியெடுத்த இசைத்தட்டை மேசைமேல் வைத்தேன். மூன்று வருஷமாக இந்தத் தெருவில் போகிறவர். மூன்று வருஷமாகப் பாய் இவருக்காகத்தான் போடுகிறார். பாட்டு எங்கே நின்றது என்று ஞாபகம் இல்லையா என்று கேட்டேன்.

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். "எங்க தெருவுல எல்லா வூட்லயும் அந்நேரத்துக்கு ஒரே ஸ்டேஷன்தாண்ணா. வெளிய வந்தேன், பக்கத்து வூட்ல பாடிச்சு. அடுத்த வூட்ல பாடிச்சு. தெரு முனை வர்றதுக்குள்ள முழுசா கேட்டுட்டேன். ரேடியோதான் ஒடஞ்சுது. பாட்டு எங்க நின்னுச்சு?"

மீதி

பாட்டைப் பதிய வைத்து, ஸ்பீக்கரைத் தெருப்பக்கம் திருப்பி, சத்தத்தை முழுக்க ஏற்றினேன். எதிரே பாயின் டேப் வழக்கமான இடத்தில் நின்றது. என்னுடையது அதைத் தாண்டிப் போயிற்று.

மெத்தைகளைத் தள்ளிக்கொண்டு பாய் வெளியே வந்தார். தாடியெல்லாம் பஞ்சு. கையில் பெரிய ஊசி. "சார், சவுண்ட கம்மி பண்ணுங்க" என்று சொல்லிக்கொண்டே தெருவைக் கடந்தவர், நாற்காலியில் இருந்தவரைப் பார்த்து நின்றார். டிரைவர் எழுந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் தொடவில்லை. நான் சத்தத்தைக் குறைக்கப் போனேன். பாய் ஊசி பிடித்த கையால் வேண்டாம் என்று காட்டினார். பாட்டு முடியும் வரை மூன்று பேரும் நின்றோம். டீக்கடையில்கூட யாரும் பாடவில்லை.

முடிந்ததும் பாய்தான் பேசினார். "மீதி நல்லாத்தான் இருக்கு." அன்வர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "ஒடைக்காம இருந்திருந்தா அன்னிக்கே நீங்களும் கேட்டிருக்கலாம்."

1985 பிப்ரவரியில் காசிம் பாய் கடையைக் காலி செய்துவிட்டு மகனோடு ஆற்காட்டுக்குப் போனார். அவர் இருந்த இடத்துக்கு வந்த செருப்புக்கடைக்காரர் பாட்டே போடுவதில்லை, ஆனாலும் எங்கள் தெருவில் இன்றைக்கும் யார் அந்தப் பாட்டை முணுமுணுத்தாலும் இரண்டாவது சரணத்தின் இரண்டாவது வரியில் நிறுத்திவிடுகிறார்கள்.