மலர்ச்சாலையிலிருந்து ஒரு போன்

போன சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில் சேவியர் அண்ணன் வீட்டில் இருந்தேன். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி ரோஸ்மேரி அக்கா போன மாதம்தான் காலமானார்.

"அப்பா ஒண்டுமே கதைக்கிறார் இல்லை அங்கிள்... எனக்குப் பயமா இருக்கு" என்று அவருடைய மகள் கனடாவிலிருந்து எனக்குப் போன் எடுத்திருந்தாள். அடக்கத்தன்றுகூட அழாத மனிதர். அதுதான் வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறிப் போனேன்.

"தைரியமா இருங்கோ அண்ணன்" என்று நான் சொல்ல, "ஓம், ஓம்" என்று அவர் சொல்ல... அதற்கு மேல் கதை ஓடவில்லை.

அப்போது அவருடைய போன் அடித்தது. காது கொஞ்சம் மந்தம். எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார்.

"சேர், மலர்ச்சாலையில இருந்து பேசுறேன். அம்மாவோட காரியத்துல எங்க சர்விஸ் எப்படி இருந்துச்சு? அஞ்சுக்கு எத்தனை மார்க்ஸ் குடுப்பீங்க சேர்?"

ஒரு பெண் குரல். பேச்சில் மலையகத்து வாடை. ரோஸ்மேரி அக்காவின் உடலை அலங்கரித்து, பெட்டியில் வைத்து, அடக்கத்துக்கு எல்லாம் செய்து கொடுத்த இடம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதென்ன பீட்சா கடையா? பேங்க் மார்க்ஸ் கேட்கிறது, டாக்ஸி கேட்கிறது... சரி, தொலையட்டும். செத்த வீட்டிலுமா? "கட் பண்ணுங்கோ அண்ணன்!" என்றேன். அவர் கையைக் காட்டி என்னை அடக்கினார்.

"நாலு" என்றார்.

"ஒண்ணு ஏன் சேர் குறைச்சிட்டீங்க?"

"அவவுக்கு லிப்ஸ்டிக் பூசிட்டீங்கள் பிள்ளை. அவ கலியாணத்துக்கே பூசேல்லை. வந்த சனமெல்லாம் வடிவு, வடிவு எண்டுதுகள். எனக்கு ஆரோ வேற மனுசி படுத்திருக்கிற மாதிரி இருந்தது. கடைசியா ஒருக்கா அவவைப் பார்க்கக் கிடைக்கேல்லை."

"வடிவு" என்று சொன்ன சனத்தில் நானும் ஒருவன்.

இப்போது வரும் பாருங்கள், "ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்" என்று நினைத்தேன்.

"சேர்... நான்தான் பூசினேன். இங்க ரெண்டே பேருதான் வேலை. உடுத்திவிடுறதும் நான்தான், போன் பேசுறதும் நான்தான். அழகா இருக்கட்டும்னு நெனச்சேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். மன்னிச்சுக்கங்க சேர்."

பிறகு அவளே கேட்டாள்: "அம்மா எப்பவும் எப்படி இருப்பாங்க சேர்?"

அவ்வளவுதான்... மனிதர் கதைக்கத் தொடங்கினார். முகத்துக்குக் கொஞ்சம் பவுடர், இழுத்துக் கட்டின கொண்டை, ஞாயிறு பூசைக்கு நீலச் சேலை. சொல்லச் சொல்லக் குரல் உடைந்து, குழந்தைபோல அழுதார். அந்தப் பிள்ளை இடையிடையே "ம்... சொல்லுங்க சேர்" என்றாளே தவிர, வேறு ஒன்றும் சொல்லவில்லை. நானும் அழுதேன் — மறைப்பானேன்?

வாடிக்கையாளர் சேவை பற்றிக் கொள்ளுப்பிட்டி ஹோட்டல்களில் செமினார் வைக்கிறார்கள். சிரித்துப் பேசு என்கிறார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடு என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் வேலை முடிந்தபிறகு மார்க்ஸ் கேட்கிறவர்கள், தொடங்குமுன் "உங்களுக்கு எப்படி வேணும்?" என்று ஏன் கேட்பதில்லை? அந்த மலர்ச்சாலையில் இனிக் கேட்பார்கள் என்று நம்புகிறேன்.

அண்ணன் சொல்லி முடிக்கும்வரை அவள் போனை வைக்கவில்லை. அரை மணித்தியாலம் இருக்கும். அந்த நேரம் வீண் என்று எந்த முதலாளியாவது சொன்னால்... அவருக்கு வியாபாரமே தெரியாது!