பூசணிக்காய் சுற்றிய லாரி

ஆட்சி மாறியதும் தன் பிழைப்பும் மாறும் என்று நம்பிக் கூலி உயர்வுக்குக் கொடி பிடித்தவள் காத்தாயி. அதற்கப்புறம் எந்தப் பண்ணையிலும் அவளுக்கு நடவு வேலை இல்லை. மன்னார்குடியில் ஓர் அரிசி ஆலையில் களம் பெருக்கப் போனாள்.

லாரியிலிருந்து சிந்தும் நெல், முதலில் கூட்டி அள்ளுகிறவளுக்குச் சொந்தம். அது அங்கே வழக்கம். அதனால் வண்டி நிற்பதற்குள்ளேயே பெண்கள் அதன் பின்னால் குனிந்துவிடுவார்கள்.

“பின்னால நின்னு விசிலடிக்க ஒரு ஆளப் போடுங்கய்யா” என்று ஆலை முதலாளி கல்யாணத்திடம் எத்தனையோ முறை கேட்டாள்.

“சங்கம் வச்சிருக்கீங்கல்ல, அதையே நிக்கச் சொல்லு” என்பார் அவர்.

நேற்று பின்னோக்கி வந்த லாரி, கூடப் பெருக்கும் அம்சத்தை நசுக்கிவிட்டது. மடியில் கட்டிய நெல்லோடு செத்துப்போனாள். அவளுக்கு முதலாளி ஒரு முழம் பூ அனுப்பவில்லை. இன்று காலை அந்த லாரிக்கு ரோஜா மாலை போட்டு, குங்குமம் தடவிய பூசணிக்காயைச் சுற்றி, வண்டிக்குப் பின்னாலேயே உடைத்தார்.

“ஐயா, அந்த விசிலடிக்கிற ஆளு...” என்றாள் காத்தாயி.

“அதான் திருஷ்டி கழிச்சாச்சே. டயர் வழுக்கிடப் போவுது, சீக்கிரம் பெருக்கு.”

காத்தாயி விளக்குமாற்றோடு லாரிக்குப் பின்னால் குனிந்தாள். டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பினான்.