பூமணி டீச்சரின் ஃபுல் ஸ்டொப்

வந்தாறுமூலையில் பூமணி டீச்சர் காலமாகிவிட்டார் என்று மகன்தான் வாவியிலிருந்து ஓடிவந்து சொன்னான். தோணியைக்கூடக் கட்டாமல் வந்திருந்தான். அவனை எனக்கு மீட்டுத் தந்தவர் டீச்சர். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். அவரை அறிந்த உங்களிடம் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சுனாமிக்குப் பிறகு எங்கள் முகாமுக்கு வந்த வெள்ளைக்காரர்களிடம் எங்கள் பேச்சை இங்கிலீசில் எடுத்துச் சொன்னவர் அவர். சிலவேளை முடிவில் ‘ஃபுல் ஸ்டொப்’ என்பார். அதற்குப் பிறகு அவர்கள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

“அது என்ன டீச்சர்?”

“எழுதி முடிச்சா வைக்கிற புள்ளி, அண்ணன். வாயால சொன்னா, இதுதான் முடிவு, இதுக்கு மேல கதையில்ல எண்டு அழுத்திச் சொல்றது.”

எனக்குப் பிடித்துப்போயிற்று. அடுத்த நாள் இழப்புகளைப் பதிய வந்தவரிடம் நானே, “தோணி வேணும், ஃபுல் ஸ்டொப்!” என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் கொப்பியை மூடிக்கொண்டு போனார். டீச்சர் அவர் பின்னால் ஓடினார். மூச்சு வாங்கத் திரும்பி வந்து சிரித்தார்.

“வலையையும் எழுதுவிச்சித்து வாறன். தோணிய வெச்சிக்கிட்டு மீனக் கையாலயா புடிக்கப் போறீங்க? எல்லாத்தையும் கேட்டு முடிச்ச மறுகாதான் அதச் சொல்லணும். சொன்னா, அந்த இடத்த உட்டு அசையப்படா.”

யுத்தம் முடிந்தபோது, கூலிவேலைக்கு வன்னிக்குப் போயிருந்த மகனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. முகாம் முகாமாகத் தேட டீச்சரும் என்னோடு பஸ் ஏறினார். மூன்றாவது முகாமின் வாசலில் அதிகாரி பட்டியலைப் பார்த்து, அப்படி ஒருவர் இல்லை, போங்கள் என்று கைகாட்டினார். எல்லாப் பட்டியலையும் பார்க்கச் சொல்லி டீச்சர் பொறுமையாக, ஒன்றும் விடாமல் இங்கிலீசில் கேட்டார். கடைசியில் சொன்னது மட்டும் எனக்கு விளங்கியது. சொல்லிவிட்டு மணலில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். வெயில் சாயும் நேரம், கம்பிவேலிக்கு அப்பால் மகன் “அப்பா” என்று கூப்பிட்டான்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு சொல்லும், சொன்னபின் உட்கார்ந்திருக்கும் பழக்கமும்தான்.

செத்தவீட்டில் பெட்டி எடுக்கச் சுணங்கியது. இதை எழுதும் மகள்தான், “அப்பா, கடைசி பஸ் போயிரும், வாங்க” என்றாள்.

“டீச்சர அடக்கம் செய்யுமட்டும் வரமாட்டன். ஃபுல் ஸ்டொப்.”

மகன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.