வெளிச்சாப்பாடு உள்ளே போகாது

தியேட்டர் வாசலில் டிக்கெட் பார்க்கிறவனுக்கு முகம் தெரியாது, கை மட்டும்தான் தெரியும்.

வலது கையில் ஸ்கேனர். இடது கை சும்மா இருக்கும். ஜனங்கள் போனை நீட்டுவார்கள், ஸ்கேனரைக் காட்டினால் 'டிட்' என்று ஒரு சத்தம், உடனே அடுத்த கை. வளையல் போட்ட கை, மோதிரம் போட்ட கை, எண்ணெய்ப் பிசுக்குள்ள கை. யார் வணக்கம் சொன்னாலும் என் வாயில் "ஹால் மூணு, இடது பக்கம்" என்றுதான் வரும்.

மலேசியாவின் கிள்ளான் நகரில் ஒரு பேரங்காடியின் மேல்மாடியில் இருக்கிறது நான் வேலை செய்கிற தியேட்டர். அதற்கு முன்னால் லோரி ஓட்டினேன். முட்டி இரண்டும் கிளட்சை மிதிக்க மாட்டேன் என்றுவிட்டன. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவனுக்கு இந்த வயதில் வேறு யார் வேலை தருவார்கள்? சிவப்பு கோட்டு ஒன்றைக் கொடுத்து, நெஞ்சில் 'அங்கிள் மணி' என்று ஒரு அட்டையும் குத்திவிட்டார்கள்.

முன்னால் உயரமான ஆள், பின்னால் நாற்காலியை உதைக்கிற ஆள், பக்கத்தில் அடுத்த சீன் என்னவென்று சொல்கிற ஆள். படம் பார்க்கப் போய் நீங்கள் பட்டதெல்லாம் எனக்குத் தெரியும். நான் படமே பார்க்காமல் பட்டவன். கேளுங்கள்.

கைப்பைக்குள் ஒரு கடை

எங்கள் தியேட்டரில் வெளிச்சாப்பாடு உள்ளே போகக் கூடாது. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். கொண்டுவந்ததை அங்கே வைத்துவிட்டுப் போக வேண்டும், படம் முடிந்து வரும்போது எடுத்துக்கொள்ளலாம். தீபாவளிப் படம் ஓடுகிற வாரத்தில் அந்த மேசையைப் பார்த்தால் பாசார் மாலாம் என்கிற ராத்திரிச் சந்தை மாதிரி இருக்கும். முறுக்கு, நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம், பொரித்த கோழிப் பெட்டி, ஒருமுறை முழு அன்னாசிப்பழம்.

எனக்குப் பிடிக்காத வேலை கைப்பையைத் திறந்து பார்ப்பது. என் வயதுப் பெண்கள் முன்னால் நின்று, "பைய கொஞ்சம் தொறங்க" என்று சொல்லும்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கும். ஓர் அம்மா பையைத் திறந்தார். மேலே சால்வை. சால்வைக்குக் கீழே டிபன் கேரியர், பக்கத்தில் தேநீர் பிளாஸ்க், ஓரத்தில் சட்னி போத்தல். கேரியரைத் திறந்தால் சூடு குறையாத மசால் வடை. பின்னால் நின்ற வரிசை முழுக்க அந்த வாசனைக்குத் திரும்பியது. "ஆன்டி, ரூல் ஆன்டி" என்று இழுத்தேன். அவர் கேரியரை மேசையில் டங்கென்று வைத்துவிட்டுச் சொன்னார்: "உள்ள விக்கிறது வாயில வெக்கிற மாதிரி இருந்தா நான் ஏன்யா விடியக்காலையில எந்திரிச்சு வடை சுடுறேன்?"

அடுத்தவர் நாற்காலி

அடுத்த அவமானத்தைச் சொல்வதற்கு முன்னால் என் குடும்ப விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு ஒரே தங்கை, செல்வி. அவள் வீட்டுக்காரர் குமரேசன் பிரிக்பீல்ட்ஸில் துணிக்கடை வைத்திருக்கிறார். ஷா ஆலமில் மாடிவீடு வாங்கிப் புதுமனை புகுந்தபோது, எனக்கு வாட்ஸ்அப்பில் கார்டு அனுப்பினார். கூடப்பிறந்த அண்ணனுக்கு, வாட்ஸ்அப்பில்! நான் போகவில்லை. அன்றிலிருந்து பேசவும் இல்லை. இனிமேல் அந்த வீட்டில் நான் கால் வைக்க வேண்டுமென்றால், வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் வந்து அழைக்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லி வைத்தேன். நான் தியேட்டரில் நிற்பது அவர்களுக்குத் தெரியாது. இன்னும் லோரி ஓட்டுகிறேன் என்றுதான் என் மனைவியைச் சொல்லச் சொல்லியிருந்தேன். துணிக்கடைக்காரர் முன்னால் சிவப்பு கோட்டோடு நிற்க எனக்கு மனசு வரவில்லை.

ஒருநாள் மதியக் காட்சியில் நாற்காலிச் சண்டை என்று கூப்பிட்டார்கள். உங்களுக்குத் தெரிந்த சண்டைதான். டிக்கெட்டில் உள்ள நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார், "அங்க காலியாத்தானே இருக்கு, அங்க போய் உக்காருலா" என்பார். டார்ச்சோடு போனேன். உட்கார்ந்திருந்தவர் என் முகத்தையே பார்த்தார். "நீங்க பிரிக்பீல்ட்ஸ் குமரேசன் மச்சான்தானே? நான் அவர் கடைக்குப் பக்கத்துக் கடை. பொண்ணு கல்யாணத்துக்குக் கார்டு அடிச்சாச்சே, உங்களுக்கு வந்திருக்குமே?"

டார்ச்சைக் கீழே இறக்கினேன். என் தங்கை மகள் தர்ஷினிக்குக் கல்யாணம். நான் அவளுக்குத் தாய்மாமன். கார்டு அடித்தாகிவிட்டது, எனக்கு ஒரு வார்த்தை இல்லை. "நீங்க வேற யாரையோ சொல்றீங்க பாஸ்" என்றேன். அவர் சமாதானமாக எழுந்து தன் நாற்காலிக்குப் போனார். போகும்போது பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டு போனார்: "ஆமாலா, அவரா இருக்க முடியாது, அவரு லோரி ஓட்டுறாரு. பாவம், ஊரே அவருக்குத் தட்டு கொண்டாரணும்னு உக்காந்திருக்காராம்."

யாருடைய போன்?

படம் ஓடும்போது போனைத் திறக்கிறவர்களை நீங்களும் சபித்திருப்பீர்கள். இருட்டில் ஒரு நீல வெளிச்சம், அதற்குள் ஒரு முகம். கதாநாயகன் வரும்போது திரையைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுகிறவர்கள் ஒரு ரகம். வீட்டில் இருக்கிற அம்மாவுக்கு வீடியோ காலில் படம் காட்டுகிறவர்கள் இன்னொரு ரகம். இவர்களைப் பிடிக்கத்தான் நான் ஹாலுக்குள்ளே சுவரோரம் நிற்பேன்.

கார்டு அடித்த செய்தி கேட்டதிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. தட்டு இல்லாமல் அழைத்தால் போகமாட்டேன் என்று சொன்னவன், வாட்ஸ்அப்பிலாவது ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன். வீட்டில் பார்த்தேன், பேருந்தில் பார்த்தேன், கழிப்பறையில் பார்த்தேன். ஒரு மாலைக் காட்சியில் ஹாலுக்குள்ளேயே பார்த்துவிட்டேன். குமரேசனின் பெயரைத் திறந்தால் கடைசியாக அந்தப் புதுமனைக் கார்டுதான் இருக்கிறது, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேனோ தெரியாது. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி வந்தது: "ஹலோ அங்கிள், ரூல் எங்களுக்கு மட்டும்தானா? உங்க மூஞ்சி ஸ்கிரீன விட வெளிச்சமா இருக்கு!"

முயல் காது

பள்ளி விடுமுறைக்கு ஒரு கார்ட்டூன் படம் போட்டார்கள். முயல்தான் அதில் கதாநாயகன். ஊழியர்கள் எல்லாரும் தலையில் முயல் காது மாட்டிக்கொள்ள வேண்டும் என்று மேனேஜர் உத்தரவு. வெள்ளைப் பஞ்சுக் காது, உள்ளே இளஞ்சிவப்பு, கம்பி வளையத்தில் ஒட்டியிருக்கும். பாப்கார்ன் விற்கிற கலாவுக்கு அது நன்றாகத்தான் இருந்தது. வாயும் கையும் ஓயாத பெண் அவள். எனக்கு மூக்குக்கண்ணாடிக் கால் அதில் மாட்டிக்கொண்டு ஒரு காது எப்போதும் முன்னால் சாய்ந்தே நின்றது.

முகத்தை இறுக்கிக்கொண்டு நின்றேன். என்னை அழைக்காத மாப்பிள்ளை குமரேசன், அழைக்கச் சொல்லாத தங்கை, காது மாட்டிவிட்ட மேனேஜர், எல்லார் மேலும் இருந்த கோபத்தை அந்த முகத்தில் வைத்திருந்தேன் என்று நினைக்கிறேன். கைக்குழந்தையோடு வந்த ஒரு தகப்பன் தூரத்திலேயே நின்றுவிட்டார். குழந்தை என்னைப் பார்த்து அலறியது. அவர் கையைக் கூப்பாத குறையாகச் சொன்னார்: "அங்கிள், கோச்சுக்காதீங்க, ஒன்னு சிரிங்க, இல்ல காத கழட்டுங்க."

தட்டு

அதே முயல் படம் ஓடிக்கொண்டிருந்த ஒரு காலை. இரண்டு ஹாலுக்கு ஒரே நேரத்தில் வரிசை. டிட், டிட், டிட். மேசையில் கோழிப் பெட்டியும் முறுக்குப் பாக்கெட்டும் சேர்ந்துகொண்டே இருந்தன. அடுத்து நீண்டது போன் இல்லை, இரண்டு கை. கண்ணாடி வளையல், நடுவில் எவர்சில்வர் தட்டு, மேலே பட்டுத்துணி மூடியிருக்கிறது, ஓரத்தில் வாழைப்பழத்தின் நுனி தெரிகிறது.

"வெளிச்சாப்பாடு உள்ள போகாதுக்கா" என்றேன். வலது கையில் ஸ்கேனர் இருந்தது. இடது கையால் தட்டை வாங்கிக் கோழிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "டிக்கெட்?" என்றேன்.

கை அசையவில்லை. பின்னால் யாரோ "சீக்கிரம்லா, படம் போட்டிருவான்" என்றார். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். செல்வி. அவளுக்குப் பின்னால் சலவை வேட்டியோடு மாப்பிள்ளை குமரேசன். துணி விலகிய தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பூ. அதற்கு மேலே சிவப்பும் தங்கமுமாகக் கல்யாணக் கார்டு. அதை ஒட்டி, மூடி சரியாக மூடாத பெட்டியிலிருந்து ஒரு கோழிக்கால் எட்டிப் பார்த்தது.

ஸ்கேனரைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அது மாப்பிள்ளையின் சட்டைப் பொத்தான் மேல் சிவப்பாக வெளிச்சம் போட்டுக்கொண்டிருந்தது. அவர் அந்த வெளிச்சத்தைக் குனிந்து பார்த்தார், என் தலையைப் பார்த்தார், பிறகு மேசையைப் பார்த்தார். "மச்சான், போன தடவ போன்ல அனுப்பிச்சேன்னு வரல. தப்புதான், ஒத்துக்கிறேன். இந்தத் தடவ கையில கொண்டாந்தா இடது கையால வாங்கிக் கோழி பக்கத்துல வெக்கிறீங்க. இனி உங்கள எப்படித்தான் கூப்பிடுறது?"

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். கலா பாப்கார்ன் கவுண்டரிலிருந்து ஓடிவந்தாள். ஸ்கேனரை என் கையிலிருந்து பிடுங்கினாள். தட்டை எடுத்து அடியைத் தன் முந்தானை போல இருந்த ஏப்ரனில் துடைத்து, செல்வி கையில் திருப்பிக் கொடுத்தாள். "அண்ணே, காத கழட்டிட்டு ரெண்டு கையாலயும் வாங்குங்க" என்றாள். இழுத்தேன். கண்ணாடிதான் கழன்று வந்தது, காது வரவில்லை. கண் சரியாகத் தெரியாமல், ஒரு காது முன்னால் தொங்க, என் தங்கை கையிலிருந்து தட்டை வாங்கினேன். எத்தனை பேரிடம் சொல்லிச் சொல்லி எதிர்பார்த்த தட்டு. தட்டு சாய்ந்து பாக்கு ஒன்று உருண்டு வரிசைக்குள் போனது. சற்று முன் சிரித்த ஆள்தான் குனிந்து அதை எடுத்துத் தட்டில் வைத்தார்.

"கார்டு அடிச்சு ரொம்ப நாளாச்சாமே" என்றேன். அந்த நிலையிலும் எனக்கு அதுதான் வாயில் வந்தது.

"அடிச்சு அப்படியே கட்டோட கிடக்குதுண்ணே" என்றாள் செல்வி. "சாமிக்கு வெச்சு, தாய்மாமனுக்கு வெச்சு, அப்புறந்தானே மத்தவங்களுக்கு? நாள் நல்லா அமையணும்னு இருந்தோம். இன்னைக்குக் காலையில கோயில்ல வெச்சோம். நேரா உன் வீட்டுக்குப் போனோம். நீ லோரியில கிளம்பிட்டேன்னு அண்ணி சொன்னாங்க. அதான் இங்க வந்துட்டோம்."

லோரி என்று சொன்னதற்கு இவர்கள் ஏன் இங்கே வந்தார்கள் என்று எனக்கு ஒரு நொடி விளங்கவில்லை. நான் விழிப்பதைப் பார்த்து அவள் குரலை இறக்கினாள்.

"தர்ஷினி போன மாசம் இங்க படம் பாக்க வந்தாண்ணே. உன் முன்னாடி நின்னு 'மாமா'ன்னு கூப்பிட்டாளாம். நீ அவ போன ஸ்கேன் பண்ணிட்டு, 'ஹால் மூணு, இடது பக்கம்'னு சொன்னியாம்."

மணவறைக்குப் பக்கத்தில் தாய்மாமனுக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைப்பதாகக் குமரேசன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், ஆனால் இத்தனை காலம் டார்ச் அடித்து அடுத்தவர்களை எழுப்பிவிட்ட எனக்கு, அதில் உட்கார்ந்தால் யாராவது வந்து டிக்கெட் கேட்பார்களோ என்றுதான் இருக்கிறது.