கருவாடா, கேஸா?

காலையிலிருந்து எர்ணாவூர் முழுக்க ஆலையிலிருந்து வரும் கேஸ் நாற்றம். ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு நானும் என் நாய் ஜிம்மியும் உள்ளேயே கிடக்கிறோம்.

வெளியே போக முடியாமல் அது கதவைப் பிறாண்டியது. மோப்பம் பிடித்து விளையாடட்டும் என்று பழைய துண்டில் நெத்திலிக் கருவாட்டை வைத்து முடிச்சு முடிச்சாகக் கட்டிப் போட்டேன். வீடே நாறியது. ஜன்னலைத் திறக்கவும் வழியில்லை.

பக்கத்து வீட்டு மேரியக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து கதவைத் தட்டினார்.

"இன்னாம்மா, உன் வூட்டாண்ட புதுசா ஒரு நாத்தம் வருது? இதுவும் கேஸா?"

"இல்லக்கா, கருவாடு. நாய்க்கு."

"அட, கருவாடா! நான் பயந்தே பூட்டேன்."

மூக்கிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டு, ஆசை தீர ஒரு மூச்சு இழுத்தார். "கதவ கொஞ்ச நேரம் தொறந்தே வையேன்."

ஜிம்மி எல்லா முடிச்சையும் அவிழ்த்துவிட்டு, மறுபடி கதவுக்கே போய், வாசற்படியில் மூக்கை வைத்துப் படுத்துக்கொண்டது.

உங்கள் ஏரியாவில் இன்றைக்கு என்ன வாசனை?