நரைமுடிக்காரரின் மூட்டையில் என்ன இருந்தது

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ரெண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். உலகமே கொண்டாடுகிற ஜப்பான் கார்ட்டூன் தொடர் அது, அதில் வரும் நரைமுடிக்காரரைப் போலக் கொடிய வில்லன் கிடையாது என்று நீங்கள் சொன்னீர்கள். அவர் நல்ல மனுசன் என்று நான் சொன்னேன். "அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சின்னவள் தீர்ப்பு எழுதிவிட்டாள். எனக்குக் கொஞ்சம் தெரியும். எப்படித் தெரியும் என்பதை எழுதுகிறேன், படித்துப் பாருங்கள்.

நான் ஆறாவது படிக்கும்போது அந்தத் தொடர் தமிழில் பேசிக்கொண்டு நம் ஊர் கேபிளில் வந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை, சாயங்காலம் ஆறு மணிக்கு. அப்போது நம் வீட்டுக்குள்ளேயே ரெண்டு விசைத்தறி ஓடியது. இடது பக்க வீட்டில் நாலு, வலது பக்க வீட்டில் நாலு. தறி ஓடும்போது டிவியில் படம்தான் தெரியும், பேச்சு கேட்காது. சத்தத்தை முழுக்கக் கூட்டினால் டிவியும் இன்னொரு தறி மாதிரிக் கடகடக்கும்.

அதனால் எங்கள் வீட்டில் அந்தத் தொடருக்கு அக்காதான் பேசினாள். அதாவது உங்கள் அத்தை. பத்தாவது முடித்ததும் படிப்பு போதும் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். தறியில் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற கட்டைகளில் மெஷின் வைத்து நூல் சுற்றுவது அவள் வேலையாயிற்று. அந்த மெஷினை டிவிப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொள்வாள். கை நூலைக் கவனிக்கும், வாய் கார்ட்டூனில் வருகிற எல்லாருக்கும் பேசும். தறிச் சத்தத்துக்கு மேலே ஏறி நிற்கிற குரல் எங்கள் தெருப் பெண்களுக்கு உண்டு. அவளுக்கு அது கொஞ்சம் கூடுதல். தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ஆறு மணிக்கு முன்பே வந்து தரையில் இடம் பிடித்துவிடுவார்கள்.

நீலத் துண்டு கட்டிய பையன் ஒருவன் மலையும் கடலும் தாண்டி ஓடுகிறான். சிவப்புத் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நரைமுடிக்காரர் விடாமல் பின்னால் வருகிறார். அக்கா சொன்ன கதைப்படி அவர் பையனுடைய அப்பா. இவன் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பிவிட்டான். மூட்டையில் இருப்பது சோறு.

"ஏலே மக்கா, நில்லுலே! வெறும் வயித்தோட எங்கன ஓடுதே?" என்று அவர் பாறை மேல் நின்று கத்துவார்.

"புளிச்சோறுன்னா வரமாட்டேன், போங்க!" என்று பையன் வாளை உருவுவான்.

மூட்டை அவிழ்ந்து நெருப்பு பறக்கும். "பாத்துலே, சூடா இருக்கு!" என்பாள் அக்கா. நாங்கள் உருண்டு சிரிப்போம்.

பள்ளிக்கூடத்தில் நிலைமை வேறு. ரத வீதிப் பக்கமிருந்து வருகிற பையன்கள் வீட்டில் தறி கிடையாது. அவர்களுக்கு அந்த நீலத் துண்டுப் பையன் சாமி மாதிரி. வகுப்பில் பாதிப் பேர் நீலக் கைக்குட்டையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். நரைமுடிக்காரர் பாவம், சோறு கொண்டுவருகிறார் என்று நான் ஒரு நாள் சொல்லப்போக, வகுப்பே என் பக்கம் திரும்பியது.

"ஊரையே எரிக்க வாரான்லே அவன்! ஒனக்கு மட்டும் சோறு கொண்டாந்தானோ?" என்றான் ஒருவன்.

அன்றிலிருந்து என் பெயர் சோத்துமூட்டை. கபடிக்கு ஆள் பிரிக்கும்போதும் சோத்துமூட்டை வேண்டாம் என்றார்கள். அக்கா சொன்னது பொய்யாக இருக்காது என்று ஒரு வாரம் தனியாளாக மல்லுக்கட்டினேன். கடைசிப் பகுதிக்கு முந்தின நாள், வியாழக்கிழமை, "வந்து ஒன் காதால கேளு" என்று அவர்களில் ஒருவன் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான்.

அந்த வீட்டில் ஃபேன் சுற்றும் சத்தம்கூடக் கேட்டது. நரைமுடிக்காரர் இடி மாதிரிச் சிரித்தார். எல்லாரையும் சாம்பலாக்கப் போவதாகச் சொன்னார். மூட்டையில் சோறும் இல்லை, அவர் அப்பாவும் இல்லை. எனக்கு அக்கா மேல் வந்தது கோபம்தான்.

மறுநாள் கடைசிப் பகுதி. வீட்டில் உட்கார இடமில்லை. அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினாள். பையனும் அவன் கூட்டாளிகளும் நரைமுடிக்காரரை மலையுச்சியில் சுற்றி வளைத்தார்கள். நான் எழுந்து டிவிக்கு முன்னால் நின்றேன்.

"எல்லாம் பொய்! இவளுக்கு என்ன கேக்கும்? அவரு வில்லன். நான் ரத வீதியில கேட்டுட்டு வந்துருக்கேன்!"

பிள்ளைகள் எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். ஒரு முறுக்குக்குக்கூட என்னோடு கட்டிப்புரண்டு சண்டை போடுகிறவள் அவள். அன்றைக்குப் போடவில்லை.

"சரிலே, நீ கேட்டதே சரி. தள்ளி நில்லு, மறைக்குது" என்றாள்.

அதோடு சரி. படம் ஊமையாக ஓடியது. விழுவதற்கு முன்னால் நரைமுடிக்காரர் பையனைப் பார்த்து நிறைய நேரம் ஏதோ பேசினார். என்ன பேசினார் என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். திங்கட்கிழமை வேறு தொடர் ஆரம்பித்தது, ஒருவரும் வரவில்லை. அக்கா மெஷினைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டிருந்தாள். நான் கழுத்தில் நீலக் கைக்குட்டை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். கபடியில் சேர்த்துக்கொண்டார்கள்.

நீங்கள் சிரித்த அன்று ராத்திரி, திருவேங்கடம் ஊரில் இருக்கிற அக்காவுக்குப் போன் போட்டேன். ஒரு வார்த்தையும் கேட்காமல் அவ்வளவு கதையை எப்படி இட்டுக்கட்டினாய் என்று கேட்டேன்.

"கேக்காம என்ன? அதுக்கு முந்துன வருசமே ஒருக்கா போட்டான்லே. பத்தாவது படிக்கையில சிநேகிதி வீட்டுல ஒண்ணு விடாம கேட்டேன்."

"தெரிஞ்சேவா மாத்துன?"

"பின்ன? எரிச்சிருவேன், வெட்டிருவேன்னு அதே பேச்சு. கடைசியில அத்தன பேரு கூடி ஒரு வயசாளிய மலையில இருந்து தள்ளிட்டுச் சிரிக்கானுவ. ஊரே ஆகா ஓகோங்குது. எனக்குப் பிடிக்கல."

அன்றைக்கு விழுவதற்கு முன்னால் நரைமுடிக்காரரை என்ன பேச வைப்பதாக இருந்தாய் என்று கேட்டேன். "இருந்துச்சு ஏதோ. இப்ப யாருக்கு ஞாபகம்?" என்றவள், பெரியவனுக்குப் பரீட்சை எப்போது என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அவள் காதில் விழவில்லை, அதனால் தப்பாகச் சொல்கிறாள் என்று நினைத்துத்தான் நான் அன்று எழுந்து நின்றேன். எனக்கு முன்பே, என்னைவிட முழுசாக அவள் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு, இதை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று ஒவ்வொரு சாயங்காலமும் எங்களுக்கு முன்னால் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அதைப் போய் நான் பொய் என்றேன்.