தணிகாசலம் செத்ததற்கு நான் பொறுப்பல்ல

கேபிள் டிவி ஆபீசில் போன் எடுப்பது என்றால், டிவிக்குள் நடக்கிற எல்லாவற்றுக்கும் டிவிக்கு வெளியே உட்கார்ந்து திட்டு வாங்குவது. மழையில் சிக்னல் போனாலும் எனக்குத்தான் போன் வரும். மேட்ச்சில் நம் ஆள் கையில் விழுந்த கேட்ச்சைத் தவறவிட்டாலும் எனக்குத்தான் வரும். பேங்கிலும் ஆஸ்பத்திரியிலும் கேஸ் ஏஜென்சியிலும் போன் எடுக்கிற என் இனத்தாரே, உங்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

எங்கள் ஆபீஸ் திருவள்ளூரை ஒட்டிய மணவாள நகரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிறது. கம்பத்தில் ஏறுவது ஏழுமலை அண்ணன், போனில் மாட்டுவது நான். முதலாளிக்குக் கும்மிடிப்பூண்டியிலும் கேபிள் உண்டு. அங்கே போன் எடுக்க அவர் ஆள் போடவில்லை என்பதால் அந்த ஊர்த் திட்டும் எனக்கே வந்து சேரும்.

இப்போது 'ஐஸ் பொட்டி' தொடரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செத்தவர்களைப் படுக்கவைக்கும் கண்ணாடி ஐஸ் பெட்டியை வாடகைக்கு விடுகிற இரண்டு அண்ணன் தம்பிகளின் கதை. அண்ணன் தணிகாசலம், தம்பி டில்லி. தொழில் மந்தமானால் இரண்டு பேரும் சேர்ந்து யாரையாவது முடித்துவிட்டு, மறுநாள் காலையில் மாலையும் பெட்டியுமாகப் போய் அந்த வீட்டில் எல்லோரையும்விடச் சத்தமாக அழுவார்கள். இதைப் பார்த்துத்தான் எங்கள் ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. தணிகாசலம் என்றால் ஜனங்களுக்கு உயிர். ஒரு வருஷம் காக்கவைத்து இரண்டாவது சீசன் ஆரம்பித்தார்கள். முதல் எபிசோடிலேயே தணிகாசலம் யாரோ கொடுத்த சேமியா பாயசத்தைக் குடித்து, "நல்லாகீதே, இன்னொரு டம்ளர் குடு" என்று கேட்டு வாங்கி அதையும் குடித்து, தன் சொந்த ஐஸ் பெட்டிக்குள்ளேயே விழுந்து செத்துப்போனார்.

அன்றிலிருந்து என் போன் கீழே வைக்கப்படவில்லை.

கம்பத்தின் மேல் ஒரு கதறல்

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எபிசோடு தொடங்குகிற நேரமாகப் பார்த்து, வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று எங்கள் மெயின் ஒயரைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. நாலு தெருவுக்கு டிவி இல்லை. ஏழுமலை அண்ணன் அந்தத் தொடருக்குப் பைத்தியம். குளித்து, விபூதி வைத்து, ஒரு தட்டு முறுக்கோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவரைப் போன் போட்டுக் கிளப்பினேன். வழி நெடுக லாரியின் பரம்பரையையே திட்டிக்கொண்டு வந்து கம்பத்தில் ஏறினார். கீழே ஊரே கூடிவிட்டது. ஆபீஸ் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன்.

முதல் தெருவுக்கு இணைப்புக் கொடுத்ததும் ஒரு வீட்டுக்குள்ளிருந்து "ஐயோ!" என்று ஒரு பெண் அலறினாள். "இன்னாம்மா, படம் வர்தா இல்லியா?" என்றார் அண்ணன். அந்தம்மா பால்கனிக்கு ஓடிவந்து, "வர்து ஏழுமலை, தணிகாசலம் பாயசத்த குடிச்சுட்டு..." என்று ஆரம்பித்தாள். அண்ணன் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார். கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவை அவருடைய இரண்டு கால்கள் மட்டுமே. கீழே நின்றவர்கள் "புடி, புடி!" என்று கத்தினார்கள். அதற்குள் முதல் தெரு முழுக்க பால்கனிக்கு வந்து, டிவி வராத மூன்று தெருவுக்கும் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டது. அண்ணன் ஒரு கையைக் காதிலிருந்து எடுத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கர்ஜித்தார்:

"இன்னும் ஒரே ஒரு வார்த்த எவனாவது கதைய சொன்னீங்க, குடுத்த லைன புடுங்கிக்கினு எறங்கிடுவேன். நான் இன்னும் பாக்கலடா!"

சாவு லீவு

மறுநாள் காலை ஆபீசைத் திறந்ததுமே கும்மிடிப்பூண்டியிலிருந்து போன். இரும்புக் கம்பி செய்கிற ஒரு கம்பெனியின் சூப்பர்வைசராம். துக்கம் விசாரிக்கிற குரலில் பேசினார். "மேடம், தணிகாசலம்னு யாரோ தவறிட்டாராமே?"

"ஆமா சார்" என்றேன், பழக்கதோஷத்தில்.

"காலை ஷிஃப்டுல பாதிப் பேரு வரல. கேட்டா, தணிகாசலம் அண்ணன் செத்துட்டாரு, மனசு சரியில்லன்றானுங்க. ஒருத்தன் ஆரணி, ஒருத்தன் தேனி, ரெண்டு பேரு ஒடிசா. எல்லாருக்கும் எப்படிம்மா ஒரே அண்ணன்? விவரம் வேணும்னா கேபிள் ஆபீஸ்ல கேளுங்கன்னு ஒருத்தன் உங்க நம்பர குடுத்தான்."

உண்மையைச் சொன்னேன். சீரியல் என்றதும் எரிமலையாக வெடித்தார். உற்பத்தி, டார்கெட், ஒழுக்கம் என்று ஐந்து நிமிஷம் பொரிந்தார். தணிகாசலத்தை நான்தான் கொன்றேன் என்பது போலவே பேசினார். மூச்சு வாங்க நிறுத்தியபோது, "அந்தாளு அப்படி என்னம்மா பண்ணான், எல்லாரும் உருகறானுங்க?" என்றார். பெட்டிக் கதையைச் சொன்னேன். "ஊம்" என்றார். மாலை போடப் போன வீட்டில் செத்தவர் எழுந்து உட்கார்ந்த கதையைச் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. பாயசம் வரைக்கும் வந்தேன். "இன்னொரு டம்ளர் கேட்டானா?" என்று அதிர்ந்துபோனார். பிறகு குரலைத் தாழ்த்தி, மறு ஒளிபரப்பு எத்தனை மணிக்கு என்று விசாரித்தார். பதினொரு மணிக்கு என்றேன்.

"சரி மேடம். எனக்கும் அவரு தூரத்துச் சொந்தம்னு வெச்சுக்கங்க."

தீட்டு உண்டா இல்லையா

திருவள்ளூரில் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாமி இருக்கிறார். மாமா கோயிலில் கைங்கரியம் செய்கிறவர். மாமி போனில் வந்தால் ரிமோட் வேலை செய்யவில்லை என்றுதான் அர்த்தம். அன்றைக்கு விஷயம் வேறு. "ஏம்மா, டிவியில ஒருத்தர் போயிட்டா, பார்த்தவா தலைக்கு ஸ்நானம் பண்ணணுமோ?"

"எனக்கென்ன தெரியும் மாமி? மாமாவைக் கேளுங்க, அவருக்குத் தெரியாத சாஸ்திரமா?"

"அவர் கேக்காமலே உள்ளே போய்ப் பக்கெட் பக்கெட்டா விட்டுண்டிருக்கார்மா. வாயைத் திறந்து பதில் சொல்ல மாட்டேங்கறார். அதான் உன்னைக் கேக்கறேன்." பேசிக்கொண்டிருக்கும்போதே மாமா ஈரத் தலையோடு வந்து போனை வாங்கிவிட்டார் போலிருக்கிறது. "டிவியில போனவாளுக்குத் தீட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஊரெல்லாம் சொல்லிண்டிருக்காதே" என்று எனக்கும் மாமிக்கும் சேர்த்துச் சொன்னார். "அப்புறம் ஏன் மாமா குளிச்சீங்க?" என்று கேட்டுவிட்டேன். மாமிக்குக் கேட்காதபடி மாமா கிசுகிசுத்தார்.

"கோயில் பாயசத்தைக் கையில வெச்சுண்டு பார்த்துண்டிருந்தேன். அவன் அங்க சரிஞ்சான், நான் இங்க மேல கொட்டிண்டேன். போறுமா?"

வேப்பம்பட்டில் சேமியா

இந்த போன்காரர் வேப்பம்பட்டு ஸ்டேஷனிலிருந்து பேசினார். பின்னால் ரயில் சத்தம். சென்னையில் வேலை, தினமும் போய் வருகிறவர். "மேடம், எங்க ஊட்டு கனெக்ஷன்ல அந்த ஐஸ் பொட்டி வர்ற சேனல மட்டும் எடுத்துடுங்க. நான் சொன்னேன்னு என் ஒய்ஃபுக்குத் தெரியக்கூடாது."

என்ன பிரச்சினை என்று கேட்டேன். அவர் மனைவி ஞாயிற்றுக்கிழமை அந்த எபிசோடைக் கண்ணிமைக்காமல் பார்த்தாராம். அடுத்த நாள் இவர் வேலை முடிந்து வந்தால், வீட்டில் முந்திரி போட்ட சேமியா பாயசம். "தீபாவளியும் இல்ல, பொங்கலும் இல்ல, எனக்குப் பொறந்தநாளும் இல்ல. எதுக்கு மேடம் பாயசம்? வயிறு சரியில்லன்னேன். ஒரு டம்ளர் குடிச்சா சரியாப்பூடும்னு சிரிச்சா மேடம். அந்தச் சிரிப்பு சரியில்ல." ராத்திரி பட்டினியாகவே படுத்திருக்கிறார். காலையில், கெட்ட பெயர் எதுவும் இருக்கவேண்டாம் என்று பாத்திரமெல்லாம் கழுவி, குழந்தைக்குத் தலை வாரிவிட்டு ஸ்டேஷனுக்கு வந்தாராம். எனக்கும் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகிறது. "சார், நேத்து என்ன தேதின்னு ஒருவாட்டி யோசிச்சுப் பாருங்க" என்றேன். யோசித்தார். ஒரு ரயில் வந்து நின்று கிளம்பிப் போயிற்று. "ஐயையோ" என்று ஒரு சத்தம், போன் கட்.

அடுத்த நாள் அந்த அம்மாவே கூப்பிட்டாள். கல்யாண நாளை மறந்தது கூட அவளுக்குப் பெரிதில்லையாம், பாயசத்தைத் தொடாமல் படுத்தாரே என்று ராத்திரி முழுக்க அழுதிருக்கிறாள். அவரோ அன்றைக்கு ஆபீசுக்கே போகாமல், வந்த வழியே திரும்பி ஓடி, ஃப்ரிட்ஜிலிருந்த பாயசத்தை நின்றுகொண்டே சட்டியோடு குடித்து முடித்தாராம். "இப்ப வயிறு நெஜமாவே சரியில்ல" என்று சிரித்தாள். சேனலை எடுத்துவிடட்டுமா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"எடுத்துடாதீங்கக்கா. அது ஓடற வரைக்கும் அவரு எந்த நாளையும் மறக்க மாட்டாரு."

நிஜப் பெட்டிக்காரர்

எங்கள் பக்கத்தில் நிஜமாகவே ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவர் கஜேந்திரன். சாதுவான மனுஷன். படியேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், கர்ச்சீப்பை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். "தொழிலே பேஜாராயிடுச்சுக்கா. போற ஊட்ல எல்லாம், தம்பி டில்லி வரலியான்னு கேக்கறாங்க. நேத்து ஒரு ஊட்ல பொட்டிய எறக்கறேன், அந்தப் பெரியவரு செத்தது தொண்ணூறு வயசுல, தூக்கத்துல. அவரு மவன் என்னை ஓரமா இட்டுக்கினு போய், நேத்து எங்க இருந்தீங்கன்னு கேக்கறாரு. பந்தல்ல ஒரு டீ குடுத்தாங்க. நான் குடிக்கற வரைக்கும் ஒருத்தரும் அவங்கவங்க டீய குடிக்கல."

சிரிப்பு வந்தது, ஆனால் அந்த மனுஷனின் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. சீரியலை நிறுத்த என்னால் முடியாது, எங்கள் லோக்கல் சேனலில் கீழே ஓடுகிற வரி விளம்பரம் வேண்டுமானால் போடலாம் என்றேன். நல்ல பெயர் திரும்புகிற மாதிரி ஏதாவது எழுதித் தரச் சொன்னேன். ஏழுமலை அண்ணன் நீட்டிய பேப்பரில், எழுதி, அடித்து, மறுபடி எழுதி, கடைசியில் நிமிர்ந்து உட்கார்ந்து அவரே படித்துக் காட்டினார். அண்ணன் எழுந்து வராண்டாவுக்குப் போய்விட்டார், சிரிப்பதற்கு.

"கஜேந்திரன் ஐஸ் பெட்டி. எங்களைக் கூப்பிடும் முன்பே இறந்தவர்களுக்கு மட்டும்."

எல்லைக்கு அந்தப் பக்கம்

மணவாள நகர் வாடிக்கையாளர் ஒருத்தியின் அப்பா ஆந்திர எல்லையில் பள்ளிப்பட்டுப் பக்கம் நெல் விவசாயம் பார்க்கிறவர். மூட்டு வலிக்கு வைத்தியம் பார்க்க மகள் வீட்டுக்கு வந்திருந்தார். தணிகாசலம் போனதிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, டிவி பக்கமே திரும்புவதில்லை என்று மகள் வருத்தப்பட்டாள். அவருக்குத் தமிழைப் போலவே தெலுங்கும் வரும் என்று பேச்சுவாக்கில் சொன்னாள். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. இதே தொடர் ஒரு தெலுங்குச் சேனலிலும் குரல் மாற்றி ஓடுகிறது. அங்கே இன்னும் பழைய சீசன்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சேனலைச் சேர்த்துவிட்டேன்.

சில நாளில் பெரியவரே படியேறி வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. மூட்டு வலியைக் காணோம். ஏழுமலை அண்ணன் தோளைத் தட்டி, "அந்தப் பக்கம் அவன் நல்லாத்தான் கீறான் நைனா! நேத்துகூட தம்பிய செவுள்ள ஒண்ணு உட்டான்" என்று சந்தோஷப்பட்டார். அவரை ஏமாற்றுவது போல எனக்கு உறுத்தியது. "பெரியவரே, அங்கயும் ஒருநாள் அந்தப் பாயசம் வந்துடுமே, மறுபடி மனசு கஷ்டப்படுவீங்களே" என்று மெதுவாகச் சொன்னேன். அவர் சிரிப்பு மாறவே இல்லை.

"தெரியும்மா. அதுக்குள்ள கன்னடத்துல எப்ப ஆரம்பிக்கறான்னு விசாரிச்சு வெய்யி."

இத்தனை பேருக்கு ஆறுதல் சொன்ன நான், போனைக் கீழே வைக்க நேரம் கிடைக்காததால், தணிகாசலம் செத்த அந்த எபிசோடை இன்றுவரை பார்க்கவே இல்லை.